பங்களாச் சுவரில் ஒரு தங்கரா: பெயரை வைத்துப் பறவையின் ஊரைக் கண்டுபிடித்த நிகழ்வு ஆய்வு

அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய துரை பங்களா ஒன்று இப்போது விருந்தினர் விடுதியாக நடக்கிறது. அதன் சாப்பாட்டு அறையில், குசினிக்குப் போகும் கதவுக்கு மேலே, கண்ணாடி போட்ட பறவைப் படம் ஒன்று தொங்குகிறது. வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அதைக் காட்டிச் சொல்லப்படும் கதை இது: இந்தக் குருவி இந்த மலையில் மட்டும் இருந்தது, கோப்பிக் காலத்தில் காட்டை வெட்டிச் சரித்தபோது அழிந்துபோனது, மிஞ்சியது துரை ஒருவர் கையால் வரைந்து வைத்த இந்தப் படம் மட்டும்தான்.

கதை நன்றாக இருக்கிறது. சிக்கலும் அதுதான். எங்கள் பாடசாலையின் சூழல் கழகச் சுவர்ப் பத்திரிகைக்கு, தரம் 10 மாணவி ஒருத்தி ‘நம் மலையில் அழிந்த பறவை’ என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய அப்பாதான் அந்த பங்களாவில் அப்பு, அதாவது பங்களாப் பணியாள், வேலை பார்க்கிறார். படத்தைப் போனில் பிடித்தும் கொண்டுவந்திருந்தாள். கழகத்துக்குப் பொறுப்பாசிரியர் நான். கட்டுரையைப் போடுவதா, நிறுத்துவதா என்று சொல்ல வேண்டியவனும் நான்.

சும்மா மறுத்துவிட முடியாது. கோப்பிக்காகவும் அப்புறம் தேயிலைக்காகவும் மலையகத்தில் காடு போனது உண்மை. அந்தக் காட்டில் கத்தி பிடித்தவர்களில் எங்கள் பிள்ளைகளின் பூட்டன்மாரும் உண்டு என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் ஒரு கற்பனைக் குருவி வந்து உட்கார்ந்துகொண்டால் யாரும் அதைச் சந்தேகிக்கப் போவதில்லை. ஆகவே, சரிபார்த்துவிட்டுப் பேசுவோம் என்று முடிவானது. எங்கள் கையில் இருந்தது ஒரு போன், தாராளமான மழைக்கால மாலைகள், படத்துக்கு அடியில் பாதி அழிந்த ஒரு பெயர்.

படத்தில் இருந்தது

அப்பு விடுதிக்காரரிடம் அனுமதி வாங்கிப் படத்தை இறக்கித் தந்தார். வெளிச்சத்தில் பார்த்ததும் கதையின் ஒரு துண்டு விழுந்துவிட்டது. அது துரை வரைந்த ஒற்றைப் படம் அல்ல. கல்லச்சில் அடித்து, மேலே கையால் வர்ணம் தீட்டியது. தூரிகை ஓடிய தடமும், வர்ணம் கோட்டைத் தாண்டி வழிந்த இடங்களும் தெரிந்தன. 19ஆம் நூற்றாண்டுப் பறவை நூல்களுக்கு இப்படித்தான் படம் தயாரானது. கல்லச்சு என்றால் பல பிரதிகள் என்று பொருள். சட்டத்தின் முதுகில் ஒட்டிய தடித்த தாளில் லண்டன் கடை ஒன்றின் சீட்டு பாதி கிழிந்து மிஞ்சியிருந்தது.

இனிக் குருவி. கட்டையான சிறிய அலகு. முகமும் உச்சந்தலையும் பளிச்சென்ற இளம்பச்சை, அதுவும் மீன் செதில் அடுக்கியதுபோல. தொண்டையில் ஊதா கலந்த நீலம். நெஞ்சிலும் வயிற்றின் இரு பக்கமும் வான நீலம். பிடரி, முதுகு, வால் எல்லாம் கறுப்பு. கீழ்முதுகில் நெருப்புச் சிவப்பு, அது வாலடிக்கு வரும்போது மஞ்சளாக மாறுகிறது. இத்தனை நிறத்தையும் ஒரே உடம்பில் பார்த்தால் வரைந்தவர் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டார் என்றுதான் தோன்றும். அவர் கூட்டிச் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது.

“ஆறுமணிக் குருவியா இருக்குமோ சேர்? அதுக்கும் பல நிறம்தானே” என்றார் அப்பு.

நல்ல ஊகம். ஆறுமணிக் குருவியும் பல வர்ணம்தான். வடக்கே இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வந்து, விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு தடவை கூவிவிட்டு அடங்கும். ஆனால் அதன் நெஞ்சு மங்கலான சந்தன நிறம், சிவப்பு இருப்பது வயிற்றின் கீழே, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வால் குட்டை. படத்தில் இவை எதுவும் இல்லை. “அண்ணே, சிவப்பு முதுகுப் பக்கம் இருக்கு பாருங்க” என்றதும் அவரே தலையசைத்துவிட்டார்.

இலங்கைப் பட்டியல்கள்

இந்தப் பகுதி சீக்கிரம் முடிந்தது. பீரங்கிப் படை அதிகாரியாக இங்கே இருந்த வில்லியம் வின்சென்ட் லெக், இலங்கைப் பறவைகளைப் பற்றிய தன் பெரிய நூலை 1878க்கும் 1880க்கும் இடையில் வெளியிட்டார். கோப்பி இலைநோயில் விழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள். காட்டழிவோடு ஒரு பறவை மறைந்திருந்தால் அதைப் பற்றி எழுத அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் 1891இல் பிறந்த ஜி. எம். ஹென்றியின் பறவைக் கையேடு 1955இல் வந்தது. இரண்டிலும் இப்படி ஒரு குருவி இல்லை.

“துரைமாருக்கு அது கண்ணில் படாமலே போயிருக்கலாம்தானே?” என்று ஒரு பையன் கேட்டான். அதற்கும் பதில் உண்டு. அந்தக் காலத் துரைமாரில் சிலர் பறவைகளைச் சுட்டுத் தோலுரித்து ஆராய்ச்சியாளருக்கு அனுப்பியவர்கள். சாமுவேல் பிளை என்ற கோப்பித் துரையின் பெயரைத்தான் இலங்கைச் சீட்டிப் பூங்குருவி இன்றும் சுமக்கிறது: மயோஃபோனஸ் பிளையி. கருநீல நிறத்தில், ஈரக்காட்டு ஓடை ஓரத்து இருட்டில் ஒளிந்து திரியும் கூச்சக்காரப் பறவை அது. அதையே கண்டுபிடித்த கண்களுக்குப் பச்சைத் தலையும் சிவப்பு முதுகுமாக ஒன்று தப்பியிருக்குமா?

கல்லிஸ்தே

படத்துக்கு அடியில் இரண்டு சொற்கள் இருந்திருக்கின்றன. முதற்சொல் தெளிவு: கல்லிஸ்தே. இரண்டாவதைப் பூஞ்சை தின்றுவிட்டது. எங்கள் ஊர் ஈரத்தில் அலுமாரியில் வைத்த சப்பாத்தே பச்சை பிடிக்கும். கண்ணாடிக்குள் இருந்தாலும் தாளுக்கு என்ன பாதுகாப்பு?

விஞ்ஞானப் பெயரின் முதற்பகுதி பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டத்தை, சொல்லும். எங்கள் பாடப்புத்தகம் அதைச் சாதி என்று எழுதும். நான் இங்கே பேரினம் என்றே எழுதிக்கொள்கிறேன், காரணம் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் அந்தச் சொல்லைப் போனில் தட்டினார்கள். ஏறக்குறைய அதே எழுத்துகளில் ஒரு கடற்சிப்பி வந்தது. கிரேக்கத் தீவொன்றின் பழைய பெயர் வந்தது. இன்றைய பறவைப் பட்டியலில் அப்படி ஒரு பேரினமே இல்லை. “பேரே இல்லன்னா குருவி அழிஞ்சது உண்மைதானே சேர்?” என்றாள் கட்டுரைக்காரி. அவளுடைய தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் காணாமற்போனது பெயராகவும் இருக்கலாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கம்பனிப் பதிவில் தோட்டத்துக்கு ஸ்கொட்லாந்து ஊர் ஒன்றின் பெயர் இருக்கும். ஆட்கள் வாயில் அதற்கு வேறொரு பெயர். தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் இன்னொன்று. தோட்டம் அதே தோட்டம்தான். பழைய பெயரை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது, அந்தக் காலத்துப் பதிவேட்டில்தான் தேட வேண்டும்.

பறவைகளுக்கும் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. காலம் கடந்த இயற்கை நூல்களை வருடிப் போட்டிருக்கும் பல்லுயிர் பாரம்பரிய நூலகம் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே படிக்கலாம். பிரித்தானிய அருங்காட்சியகம் தன் பறவைத் தோல்களுக்குத் தொகுதி தொகுதியாகப் பட்டியல் வெளியிட்டது. 1886இல் வந்த 11ஆம் தொகுதியைத் தொகுத்தவர் ஃபிலிப் லட்லி ஸ்கிளேட்டர். அதில் கல்லிஸ்தே இருந்தது, ஒன்றிரண்டு அல்ல, பக்கம் பக்கமாக. எதை எடுத்தாலும் கிடைத்த இடம் பிரேசில், பெரு, எக்குவடோர், கொலம்பியா, மத்திய அமெரிக்கா. ஆசியாவில் ஒன்றுகூட இல்லை.

இன்று அந்தக் கூட்டத்தின் பெயர் தங்கரா. வெப்பமண்டல அமெரிக்காவின் பாடும் பறவைப் பேரினங்களில் மிகவும் பெரியவற்றில் ஒன்று. பெரும்பாலும் பழமும் பூச்சியும் தின்று, பல இனங்கள் கலந்த கூட்டங்களாக மர உச்சிகளில் திரியும் சின்னஞ்சிறு வர்ணப் பறவைகள்.

ஒரு பேரினத்துக்கு எத்தனை பெயர்

தங்கரா என்ற பெயர் எப்படி வந்தது, கல்லிஸ்தே எப்படிப் போனது என்பதில்தான் இந்த ஆய்வின் ருசியே இருக்கிறது.

தங்கரா என்பது பிரேசிலின் துப்பி மொழிச் சொல். ஒல்லாந்தர் பிரேசிலில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருந்தபோது அங்கே வேலை செய்த ஜெர்மானியரான கேயோர்க் மார்க்கிராஃப் இதைக் குறித்துக்கொண்டார். அவர் இறந்தபின், 1648இல், அவருடைய குறிப்புகள் நூலாயின. அதே ஒல்லாந்தர் அந்தக் காலத்தில் இங்கே போர்த்துக்கேயரோடு கோட்டைகளுக்காக அடிபட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை வகுப்பில் சொன்னபோதுதான் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு மனதில் நின்றது. வேடிக்கை என்னவென்றால், பிரேசிலில் இன்றைக்கும் ஆட்கள் தங்கரா என்று சொல்வது வேறொரு பறவையை: பெட்டைக்கு முன்னால் ஆண்கள் வரிசையாக நின்று ஆடிக்காட்டும் ஒரு மனகின்.

பிரெஞ்சுக்காரரான பிரிசோன் 1760இல் அந்தச் சொல்லையே பேரினப் பெயராக்கினார். லின்னேயஸ் அதை எடுத்து ஓரெழுத்தை இடம் மாற்றித் தனக்ரா என்று எழுதினார். தனக்ரா என்பது பண்டைய கிரேக்க நகரம் ஒன்றின் பெயர். லத்தீனும் கிரேக்கமும் படித்த ஆளுக்குக் கை அந்தப் பக்கம் போயிருக்கலாம். ஆங்கிலத்தில் இந்தப் பறவைகளுக்கு வழங்கும் டனேஜர் என்ற பெயர் இந்த மாறிய வடிவத்திலிருந்து வந்தது.

அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் பெயர் வைக்கும் காய்ச்சல். 1826இல் பொய்யே என்ற ஜெர்மானியர் ‘மிக அழகானது’ என்ற கிரேக்கச் சொல்லை எடுத்துக் கல்லிஸ்தே என்றார். அடுத்த ஆண்டே ஸ்வெய்ன்சன் என்ற ஆங்கிலேயர் கிரேக்க அழகுத் தெய்வம் ஒன்றின் பெயரில் அக்லையா என்றார். 1840இல் கிரே, ‘அழகிய குருவி’ என்ற பொருளில் கலோஸ்பைசா என்று ஒன்றைச் சேர்த்தார். மூன்று பேருக்கும் அழகைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது. இவற்றில் கல்லிஸ்தே நெடுங்காலம் ஓடியது. ஸ்கிளேட்டர் 1857இல் இந்தப் பேரினத்துக்கென்றே ஒரு தனிநூலைக் கைவர்ணப் படங்களோடு வெளியிட்டபோதும் அந்தப் பெயரைத்தான் பயன்படுத்தினார்.

விலங்குப் பெயரிடலில் முந்தியது வெல்லும் என்பது அடிப்படை விதி. 1760 எங்கே, 1826 எங்கே? பழைய நூல்களைத் தோண்டத் தோண்ட, பிரிசோனின் தங்கரா மேலே வந்தது. ஆனால் அதோடு தகராறு தீரவில்லை. ஹெல்மேயர் 1936இல் வெளியிட்ட அமெரிக்கப் பறவைப் பட்டியலில் நம் வர்ணக் குருவிகளுக்குத் தங்கரா. யூஃபோனியா என்று இன்று சொல்லப்படும் இன்னொரு கூட்டத்துக்குத் தனக்ரா. ஓரெழுத்து இடம் மாறினால் வேறு பேரினம்! அச்சுக்கோக்கிறவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பிறகு விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணைக்குழு தலையிட்டுத் தனக்ராவை ஒதுக்கிவைத்தது. யூஃபோனியாக்கள் தங்கள் பெயரைத் திரும்பப் பெற்றன.

இந்தப் பெயர் மாற்றங்களைக் குழப்பம் என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எங்கள் ஆய்வுக்கு அந்தக் குழப்பம்தான் கைகொடுத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் ஆளும் ஓர் ஆண்டும் இருக்கின்றன. படத்தின் அடியில் கல்லிஸ்தே என்று இருந்தால் அது 1826க்கு முன் அச்சாகியிருக்க முடியாது. தங்கராவே நிலைத்துவிட்ட பிறகு அச்சாகியிருக்கவும் நியாயமில்லை. கையால் வர்ணம் தீட்டிய கல்லச்சு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டிய படம். காலாவதியான பெயர்தான் அதற்குத் திகதி போட்டுக் கொடுத்தது. சரியான நவீனப் பெயர் அங்கே இருந்திருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்காது. படம் ஸ்கிளேட்டரின் நூலிலிருந்து கிழித்ததுதான் என்று ஒரு பையன் முடிவே கட்டிவிட்டான். அதை நான் அறிக்கையில் சேர்க்க விடவில்லை. அந்தப் பெயரை அந்தக் காலத்தில் பலரும் பயன்படுத்தினார்கள்.

ஸ்கிளேட்டரைப் பற்றி இன்னொன்று. இந்தக் குருவிகளைத் தொகுத்த அதே காலத்தில், 1858இல், அவர் உலகத்தையே பறவைகளை வைத்து ஆறு நிலப்பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவில் இலங்கை இந்தியப் பகுதியில் விழுகிறது. தங்கராக்களின் நாடு புதிய வெப்பமண்டலப் பகுதியில். ஒரு மலைத்தொடரின் பறவைகள் இன்னொன்றில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு விலங்கியலில் கொடுக்கப்பட்ட ஆரம்பகாலப் பெரிய பதில்களில் அது ஒன்று. ஆகவே பங்களாக் கதையை மறுக்க வேண்டிய ஆதாரத்தைத் தந்தவரும் கல்லிஸ்தே என்ற பெயரைப் பரப்பியவரும் ஒரே ஆள்.

எந்தத் தங்கரா?

பேரினம் தெரிந்ததும் இனத்தை நிறத்தால் பிடிக்கலாம். போட்டியில் மூன்று நின்றன. வடகிழக்குப் பிரேசிலின் ஏழுவண்ணத் தங்கரா: அதற்குத் தலை நீலப்பச்சை, கீழ்முதுகு செம்மஞ்சள். தென்கிழக்குப் பிரேசிலின் பச்சைத்தலைத் தங்கரா: பிடரியில் மஞ்சள் கலந்த பச்சைக் காலர் இருக்கும். எங்கள் படத்தில் பிடரி சுத்தக் கறுப்பு. எஞ்சியது அமேசான் காடுகளின் சொர்க்கத் தங்கரா. செதில் செதிலான இளம்பச்சை முகம், ஊதாத் தொண்டை, வான நீல நெஞ்சு, சிவப்புக் கீழ்முதுகு என்று எல்லாம் பொருந்தின. அதன் துணையினங்களில் சிலவற்றுக்குக் கீழ்முதுகு முழுக்கச் சிவப்பு. சிலவற்றுக்குச் சிவப்பு மஞ்சளில் முடியும். படத்தில் இருப்பது இரண்டாம் வகை. போர்த்துக்கேய மொழியில் இந்தப் பறவையை ‘அமேசானின் ஏழு வண்ணம்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள்.

வெனிசுவேலா, கயானாக்கள் தொடங்கி பொலிவியா வரை இந்தப் பறவை வாழ்கிறது. அழியவில்லை. கூட்டமாகப் பறக்கும் நிழற்படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் அதைப் பார்த்த கணத்தில் வகுப்பில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

இனி இதன் முழுப்பெயர்: தங்கரா சிலென்சிஸ் (விகோர்ஸ், 1832). சிலென்சிஸ் என்றால் சிலி நாட்டுக்குரியது. ஆனால் இந்தப் பறவை சிலியில் கிடையாது! கையில் கிடைத்த மாதிரி சிலியிலிருந்து வந்ததாக எண்ணி விகோர்ஸ் வைத்த பெயர் அது. தவறு என்று தெரிந்தபின்னும் மாற்றவில்லை, மாற்றவும் விதி இடம் தராது. இனப்பெயர் ஒரு விவரணை அல்ல, ஓர் அடையாளம். பொருள் பிழை என்பதற்காக ஆளாளுக்கு மாற்றத் தொடங்கினால் பழைய நூல் எதையும் புதிய நூலோடு பொருத்திப் பார்க்க முடியாமல் போகும்.

இங்கே கட்டுரைக்காரிக்கு ஒரு பொறி தட்டியது. “பங்களாவில இருந்ததால இந்த மலைக் குருவின்னு சொன்னாங்க, சிலியில இருந்து வந்துச்சுன்னு நினைச்சு சிலிக் குருவின்னு சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணுதானே சேர்?” ஒன்றுதான். பொருள் எந்த வழியாகக் கைக்கு வந்ததோ அந்த இடத்தையே அதன் பிறந்த ஊராக எண்ணிக்கொள்வது அருங்காட்சியகங்களில் அந்தக் காலத்தில் சர்வசாதாரணம்.

நம் நாட்டின் பெயரும் இப்படி ஊர் சுற்றுகிறது. குளிர்மலைக் காடுகளில் துறுதுறுவென்று பறந்து பூச்சி பிடிக்கும் சாம்பல்தலை ஈப்பிடிப்பானுக்கு சிலோனென்சிஸ் என்று இனப்பெயர். அதை 1820இல் வைத்தவர் அக்லையாவுக்குப் பெயர் கொடுத்த அதே ஸ்வெய்ன்சன். அந்தப் பறவை இமயமலையிலும் இருக்கிறது, இந்தோனேசியாவிலும் இருக்கிறது. அங்குள்ளவர்கள் அதை இலங்கைப் பறவை என்று கொண்டாடினால் நாம் சிரிப்போம்.

அடைப்புக்குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். விகோர்ஸ் 1832இல் இந்தப் பறவையை அக்லையா சிலென்சிஸ் என்றுதான் வெளியிட்டார். பின்னால் பேரினம் மாறியதால் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குள் போயின. இதற்கு எங்கள் மலையிலேயே அழகான சோடி இருக்கிறது. 1872இல் ஹோல்ட்ஸ்வர்த் என்பவர் இலங்கையின் இரண்டு மலைப் பறவைகளை விவரித்தார். வெள்ளைக்கண்ணிக்கு அவர் கொடுத்த பேரினம் இன்றும் அதுவே: சோஸ்டெரோப்ஸ் சிலோனென்சிஸ் ஹோல்ட்ஸ்வர்த், 1872. அடைப்பு இல்லை. சீட்டிப் பூங்குருவியை அவர் அரங்கா என்ற பேரினத்தில் வைத்தார், இன்று அது வேறிடத்தில் இருக்கிறது: மயோஃபோனஸ் பிளையி (ஹோல்ட்ஸ்வர்த், 1872). ஆளும் ஒன்று, ஆண்டும் ஒன்று. அந்த இரண்டு வளைவுக் கோடுகள்தான் இடையில் நடந்த மாற்றத்தைச் சொல்கின்றன.

தங்கராவே பிளந்தபோது

மரபணு ஆய்வு வந்ததும் தங்கராவும் ஆட்டம் கண்டது. பர்ன்ஸ் குழுவினர் 2014இல் டனேஜர் குடும்பத்தின் விரிவான பரம்பரை மரத்தை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 50 இனங்களை வைத்திருந்த தங்கரா ஒரே கிளையாக இல்லை என்று தெரிந்தது. திராவுபிஸ் என்ற வேறு பேரினம் அதன் நடுவே புகுந்து நின்றது. 2016இல் பலவற்றைப் பிரித்து எடுத்தார்கள். அவற்றில் ஒரு கூட்டத்துக்கு ஸ்டில்ப்னியா என்று புதுப்பெயர். நேற்றுவரை தங்கரா கயானா என்றிருந்தது இன்று ஸ்டில்ப்னியா கயானா. அதற்கு முன்பே யூஃபோனியாக்கள் ஃபிஞ்சுகளின் குடும்பத்துக்கும், வட அமெரிக்காவின் சிவப்பு டனேஜர்கள் கார்டினல்களின் குடும்பத்துக்கும் போய்விட்டன. டார்வினின் கலாபகோஸ் ஃபிஞ்சுகள் எதிர்ப்பக்கமாக டனேஜர் குடும்பத்துக்குள் வந்தன. ஆங்கிலப் பொதுப்பெயரை நம்பியிருப்பவருக்கு இப்போது தலை சுற்றும்.

இத்தனை பேர் வெளியேறியும் எங்கள் குருவி தங்கராவாகவே இருக்கிறது. அதிர்ஷ்டத்தால் அல்ல. தங்கரா பேரினத்தின் மாதிரி இனம், அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமாகக் குறிக்கப்பட்ட இனம், இந்தச் சொர்க்கத் தங்கராதான். பேரினம் எத்தனை துண்டாக உடைந்தாலும் பெயர் மாதிரி இனம் இருக்கும் துண்டோடுதான் போகும்.

பின்னர்

முடிவை விடுதிக்காரரிடம் சொல்லப் போனபோது அவருக்கு மகிழ்ச்சியில்லை. “வாற ஆக்களுக்கு அந்தக் கதைதான் பிடிச்சிருக்கு” என்றார். அவர் வியாபாரம் அவருக்கு. அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அப்பு ஒரு கேள்வி போட்டார்: “பிரேசில்காரன் ஒருத்தன் வந்து சாப்பிட உட்கார்ந்தா நான் என்னங்க சொல்றது?” அதற்கு விடுதிக்காரரிடம் பதில் இல்லை. மூன்று மொழியிலும் சிறிய விளக்கச் சீட்டு ஒட்டச் சம்மதித்தார். பறவையின் இன்றைய பெயர், படத்தில் உள்ள பழைய பெயர், அது வாழும் நாடுகள், படம் ஏறத்தாழ எந்தக் காலத்தது என்பது மட்டும் அதில் இருக்கின்றன. அழிந்தது என்ற சொல் இல்லை.

சுவர்ப் பத்திரிகைக் கட்டுரை தலைப்பு மாறி வந்தது. முதற்பாதியில் தங்கரா, இரண்டாம் பாதியில் சீட்டிப் பூங்குருவி. பின்னதை அவளே சேர்த்தாள், நான் சொல்லவில்லை. காட்டழிவைப் பற்றி எழுத அழிந்துபோன கற்பனைப் பறவை தேவையில்லை, அழிவின் விளிம்பில் உயிரோடு ஒன்று இருக்கிறது, அதுவும் கோப்பித் துரை பெயரிலேயே என்பது அவள் வாதம். ஹோர்ட்டன் சமவெளியில் விடியற்காலை கொடுப்பினை இருந்தால் அதன் சத்தம் கேட்கும். அடுத்த கழகப் பயணம் அங்கேதான். பேருந்துக்குக் காசு சேர்க்கிறோம்.

அந்த பங்களாவின் மாடிப்படி ஓரத்தில் இன்னொரு படமும் இருக்கிறது. நீலமும் மஞ்சளுமாக ஒரு குட்டிக் குருவி. அடியில் தனக்ரா என்ற சொல் மட்டும் தெரிகிறது. அந்தச் சொல்லுக்கு ஆண்டைப் பொறுத்துப் பொருள் மாறும்: லின்னேயஸ் காலத்துத் தாள் என்றால் எந்த டனேஜராகவும் இருக்கலாம், 1936ஐ ஒட்டியது என்றால் யூஃபோனியா. தாளின் வயது தெரியச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். விடுதிக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை.